இரு கனவுகளும் ஒரு மலர்ப் பள்ளத்தாக்கும்

ஒரு மக்களினத்தின் வரலாற்றை அறிய விரும்புவோர் அதன் ஆட்சியாளர் பட்டியலையும் போர்க் குறிப்புகளையும் புரட்டுவது வழக்கம். அம்மக்கள் எத்தகைய எதிர்காலத்தைக் கனவு கண்டார்கள் என்று தேடுவோர் சிலரே. யாக்கோபின் மகன் யோசேப்பைக் குழியில் தள்ளிய உடன்பிறந்தார்க்கு அவனுடைய கனவுகளே பொறுக்கவில்லை. கனவு காண்பவன் இன்றைய நிலையை இறுதி நிலையென ஏற்க மறுக்கிறான். ஆதலின் பிறர் ஆட்சியின்கீழ் வாழ நேர்ந்த மக்களின் இலக்கியம் பல வேளைகளில் கனவிலிருந்தே தொடங்குகிறது.

வடதுருவத்தை அடுத்துள்ள கிரீன்லாந்தின் நாவல் இலக்கியம் உண்மையிலேயே ஒரு கனவிலிருந்துதான் தொடங்கியது. அந்நாட்டு மொழியில் எழுதப்பட்ட முதல் நாவல் 1914-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் பெயரே ‘கனவு’. அதற்குப் பின் 1931-இல் வந்த மற்றொரு நாவலும் எதிர்காலக் கனவையே பொருளாகக் கொண்டது. முதல் நாவல் 2105-ஆம் ஆண்டை எட்டிப் பார்த்தது. இரண்டாவது, 2021-ஆம் ஆண்டைத் தன் களமாக்கிக்கொண்டது. அந்த 2021 இப்போது வந்து கடந்தும் போயிற்று. எனவே, ஒரு மக்களினம் கண்ட கனவையும், அது கண்விழித்துக் கண்ட நனவையும் அருகருகே வைத்து நோக்கும் அரிய வாய்ப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது. அவ்வாய்ப்பைப் பயன்படுத்தி, அம்மக்களின் இலக்கியத்திடம் ஒரு கேள்வியைக் கேட்க விழைகிறோம்: தன்மானத்தோடு வாழ விரும்பும் ஒரு சிறு மக்களினம், தன் உயர்வை யாருடைய அளவுகோலால் அளந்துகொள்கிறது?

எழுத்து வந்த வழி

கிரீன்லாந்து உலகிலேயே மிகப் பெரிய தீவு. அதன் பெரும்பகுதி பனிப்பாறையால் மூடப்பட்டது. கரையோரங்களில் வாழும் மக்கள் ஏறத்தாழ 57,000 பேர். நம் நாட்டில் ஒரு நடுத்தர நகராட்சியின் மக்கள்தொகைகூட இதைவிட மிகுதி. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் இனுயிட் இனத்தவர். தங்களைக் ‘கலாலிட்’ என்றும், தம் நாட்டைக் ‘கலாலிட் நுனாத்’, அதாவது கலாலிட் மக்களின் நிலம் என்றும் அழைக்கிறார்கள். அவர்தம் மொழி கலாலிசுத்.

அத்தீவில் கிறித்தவத்தின் முதல் அத்தியாயம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சார்ந்தது என்பதை நம் வாசகர் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். ஐஸ்லாந்திலிருந்து குடியேறிய நார்டிக் மக்களுக்காக அங்கே கார்தார் மறைமாவட்டம் உருவாயிற்று. 1124-இல் ஆர்னால்டு என்பார் அதன் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். நாணயம் புழங்காத அந்நாட்டிலிருந்து திருச்சபைக்குரிய காணிக்கை வால்ரசு என்னும் கடல்விலங்கின் தந்தங்களாக அனுப்பப்பட்டது. 1408-இல் வால்சே ஆலயத்தில் நடந்த ஒரு திருமணமே அக்குடியேற்றத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் இறுதி எழுத்துச் சான்று. பின்னர் அக்குடிகள் மறைந்தனர். கல்லால் எழுப்பிய ஆலயச் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. ஆனால் அந்த மறைமாவட்டம் தன் மக்களுக்கு மட்டுமே ஊழியம் செய்தது. இனுயிட் மக்களின் மொழியில் அது எதையும் விட்டுச் செல்லவில்லை.

இரண்டாம் அத்தியாயம் 1721-இல் தொடங்குகிறது. ஹான்ஸ் எகெடே என்னும் லூத்தரன் குரு, மறைந்த நார்டிக் மக்களின் வழித்தோன்றல்களைத் தேடி அங்கே சென்றார். தேடியவர்களை அவர் காணவில்லை, இனுயிட் மக்களைக் கண்டார், அவர்களிடையே தங்கினார். இவ்விடத்தில் நம் மண்ணோடு ஒரு தொடர்பு உண்டு. எகெடேயின் பணிக்கு ஆதரவளித்த டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரடெரிக்கே 1706-இல் தரங்கம்பாடி வந்தடைந்த சீகன்பால்குவை அனுப்பியவர். இரு பணிகளையும் கோபன்கேகனில் 1714-இல் அமைந்த ஒரே மறைபரப்புக் கழகம் மேற்பார்த்தது. ஒரே அரியணையிலிருந்து புறப்பட்ட இரு கிளைகள், ஒன்று சோழமண்டலக் கரையிலும் மற்றொன்று பனிக்கடல் கரையிலும் சென்று சேர்ந்தன. ஆயினும் ஒரு வேறுபாட்டை மறத்தல் ஆகாது. சீகன்பால்கு வந்திறங்கிய கரையில் ஈராயிரம் ஆண்டு எழுத்திலக்கியம் இருந்தது. எகெடே சென்ற கரையில் கதையும் பாட்டும் பறையொலியும் நிறைந்திருந்தன, எழுத்து இல்லை.

அவ்வெழுத்தை மறைபணியாளர்களே கொடுத்தார்கள். எகெடேயின் மகன் பவுல் எகெடே 1750-இல் அகராதியும் 1760-இல் இலக்கணமும் அச்சிட்டார். 1766-இல் புதிய ஏற்பாட்டை அம்மொழியில் வெளியிட்டார். மொராவியச் சபையைச் சார்ந்த சாமுவேல் கிளெயின்ஷ்மிட் 1851-இல் எழுதிய இலக்கணம் அம்மொழியின் எழுத்துமுறைக்கு அடித்தளமாயிற்று. 1861-இல் அம்மொழியிலேயே ஒரு செய்தித்தாள் தோன்றியது. சீல் வேட்டையாடி வாழ்ந்த மக்கள் மிக விரைவில் எழுத்தறிவு பெற்ற மக்களாயினர்.

கொடுத்த கையே ஒன்றைப் பறித்துக்கொண்டது என்பதையும் நேர்மையோடு சொல்லவேண்டும். கிலாத் என்னும் கைப்பறையை முழக்கிப் பாடி ஆடும் மரபைப் பேய்வழிபாட்டின் எச்சமென மறைபணியாளர்கள் ஒதுக்கினார்கள். மேற்குக் கரையின் பெரும்பகுதியில் அது மறைந்தது. கிழக்கிலும் வடக்கிலும் மட்டுமே தொடர்ந்து வாழ்ந்தது. எழுத்து வந்தது, பறை போயிற்று. இந்த வரவையும் இழப்பையும் சேர்த்தே எண்ணாமல் கிரீன்லாந்தின் இலக்கியத்தைப் புரிந்துகொள்ள இயலாது.

முதற் கனவு: 2105

‘கனவு’ நாவலை எழுதிய மத்தியாஸ் ஸ்டோர்க் கிரீன்லாந்தில் பிறந்து, குருவாகப் பணியாற்றியவர். அவர் எழுதிய காலத்தில் டென்மார்க்கின் கொள்கை வெளித்தோற்றத்தில் அன்பு நிறைந்ததாகவே இருந்தது. உள்ளூர் மக்கள் வேட்டைக்காரராகவே இருத்தல் நன்று. வெளியுலகக் காற்று அவர்களைக் கெடுத்துவிடும். எனவே தீவைப் பூட்டிவைப்போம் என்பதே அக்கொள்கையின் சாரம். வணிகம் முழுவதும் அரசின் தனியுரிமையாக இருந்தது. பாதுகாப்பு என்ற பெயரால் ஒரு மக்களைக் குழந்தைப் பருவத்திலேயே நிறுத்திவைக்கும் முறை அது.

ஸ்டோர்க்கின் கதைத்தலைவன் பாவியா இந்த மூடிய உலகில் வளரும் இளைஞன். சிற்றூரின் அறியாமை, ஒருவரையொருவர் புறங்கூறும் பழக்கம், டேனியர் முன் கூனி நிற்கும் மனப்பான்மை ஆகியவற்றை ஆசிரியர் தயவின்றிக் காட்டுகிறார். கல்வி வேண்டும், அதிலும் டேனிய மொழிக் கல்வி வேண்டும், அதுவே வெளியுலகின் கதவைத் திறக்கும் சாவி என்பது அவருடைய துணிபு. இறுதியில் பாவியா கனவு காண்கிறான். 2105-ஆம் ஆண்டு, நூக் நகரம், கற்றறிந்த கிரீன்லாந்து மக்கள் டேனியரோடு சமமாக நின்று தம் நாட்டை நடத்துகிறார்கள்.

நாவற்கலை என்னும் வகையில் இது முழுமை பெற்ற படைப்பன்று. கதைமாந்தர் பல இடங்களில் தத்தம் குரலை இழந்து, ஆசிரியரின் மறையுரையை ஏற்றுப் பேசுகின்றனர். ஆனால் இக்குறை நமக்குப் புதிதன்று. எந்த மொழியிலும் முதல் நாவல்கள் போதனையின் மடியில்தான் பிறக்கின்றன. ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தைப் படித்தவர்கள் இதை உணர்வார்கள். ஸ்டோர்க்கின் சாதனை வேறிடத்தில் உள்ளது. கிரீன்லாந்து மக்களின் நாளையைப் பற்றிக் கோபன்கேகன் அலுவலகங்களில் மட்டுமே பேசப்பட்டு வந்த காலத்தில், அம்மக்களின் மொழியிலேயே, அம்மக்கள் படிக்க, அவர்களுள் ஒருவர் அதைப் பற்றிப் பேசினார். தன்னாட்சி என்ற சொல் சட்டத்தில் ஏறுவதற்கு 65 ஆண்டுகளுக்கு முன்பே அது இலக்கியத்தில் தன் முதல் மூச்சை விட்டது என்று நாம் கருதுகிறோம்.

இரண்டாம் கனவு: 2021

அவுகோ லிங்கே ஆசிரியப் பணியாற்றியவர். அவர் 1931-இல் எழுதிய நாவல், எகெடே வந்திறங்கியதன் முந்நூறாம் ஆண்டாகிய 2021-இல் நடைபெறுகிறது. ஒரு கொள்ளையும் அதைத் துப்பறிந்து செல்லும் துரத்தலுமே கதையின் ஓட்டம். அந்த ஓட்டத்தின் ஊடே எதிர்கால நாடு நமக்குக் காட்டப்படுகிறது. வளர்ந்த நகரங்கள், புதிய தொழில்கள், படித்த மக்கள், டேனியரோடு சமவுரிமை பெற்ற குடிமக்கள்! ஸ்டோர்க் மறையுரைபோல் சொன்னதை லிங்கே விறுவிறுப்பான கதையாக்கினார். வாசகனைத் துரத்தலில் ஆழ்த்திவிட்டு, அவன் அறியாமலே அவனை வளமான ஒரு நாட்டில் நடமாடவிடும் உத்தி இது. கலையழகில் இரண்டாவது நாவல் ஒரு படி முன்னேறியிருக்கிறது.

எழுதியவரே தம் கனவைச் சட்டமாக்கும் இடத்துக்கும் சென்றார் என்பது இலக்கிய வரலாற்றில் அரிதான செய்தி. 1953-இல் டென்மார்க்கின் புதிய அரசியலமைப்பு, கிரீன்லாந்தைக் குடியேற்ற நாடு என்னும் நிலையிலிருந்து நீக்கி, டென்மார்க்கின் ஒரு பகுதியாக இணைத்தது. கோபன்கேகன் நாடாளுமன்றத்தில் அந்நாட்டுக்கு இரண்டு இடங்கள் தரப்பட்டன. அவற்றுள் ஒன்றில் அமர்ந்தவர் அவுகோ லிங்கே. 2021-க்கென்று அவர் கனவு கண்ட சமவுரிமை, எழுத்தளவில், 68 ஆண்டுகள் முன்னதாகவே வந்து சேர்ந்தது. ஆனால் அந்த இணைப்பைப் பற்றிக் கிரீன்லாந்து மக்களிடம் பொதுவாக்கெடுப்பு எதுவும் நடத்தப்படவில்லை. 1959 சனவரியில் ‘ஹான்ஸ் ஹெட்டோஃப்ட்’ என்னும் புதிய கப்பல், தன் முதற்பயணத்திலேயே, கிரீன்லாந்தின் தென்முனைக்கு அப்பால் பனிப்பாறையில் மோதி மூழ்கியது. அதில் மாண்ட 95 பேரில் லிங்கேயும் ஒருவர்.

இரு நாவல்களையும் ஒருசேர நோக்கும்போது நம் கேள்விக்கு விடை கிடைக்கிறது. இருவரும் தம் மக்களை ஆழ்ந்து நேசித்தவர்கள். தம் மொழியில் எழுதியவர்கள். ஆயினும் அவர்கள் கையிலிருந்த அளவுகோல் டென்மார்க்கினுடையது. ‘நாமும் அவர்களைப் போல் ஆவோம்’ என்பதே அக்கனவுகளின் உள்ளுரை. இதனைக் குறையென்று மட்டும் சொல்லி ஒதுக்குவது நீதியாகாது. நீ எனக்குச் சமமானவன் அல்லன் என்று சொல்லப்பட்டவன், நான் உனக்குச் சமம் என்றுதான் முதலில் மறுமொழி கூறுவான். அம்மறுமொழியே முடிவான மறுமொழியாகிவிடும்போதுதான் துன்பம் தொடங்குகிறது. ஒருவனைப் போல் ஆக முயல்பவன், அவனுக்கு எப்போதும் ஓரடி பின்னாலேயே நடக்க வேண்டியிருக்கிறது.

கனவின் விலை

அவர்களைப் போல் ஆக்குவது என்ற வேலையை ஆட்சியாளர் தாமே கையிலெடுத்தபோது என்ன நிகழ்ந்தது? 1951-இல் 22 சிறுவர் சிறுமியர் தம் குடும்பங்களிலிருந்து பிரிக்கப்பட்டு டென்மார்க்குக்கு அனுப்பப்பட்டனர். டேனிய மொழியும் பழக்கமும் கற்று, நாளைய தலைவர்களாக அவர்கள் திரும்ப வேண்டும் என்பது திட்டம். சிலர் அங்கேயே தத்தெடுக்கப்பட்டனர். திரும்பியவர்களோ தம் பெற்றோரின் வீட்டுக்கு அனுப்பப்படவில்லை; நூக் நகரில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் வைக்கப்பட்டனர். தாயைக் கண்டபோது தாயோடு பேச மொழி இல்லாத பிள்ளைகளாக அவர்கள் நின்றனர். டென்மார்க்கு அரசு அதற்காக மன்னிப்புக் கேட்டது 2020-இல். அப்போது உயிரோடு இருந்தவர்கள் ஆறு பேர் மட்டுமே.

அடுத்துவந்த ஆண்டுகளில் வளர்ச்சித் திட்டங்கள் பெருகின. மருத்துவமனைகளும் பள்ளிகளும் வந்தன. பல உயிர்களைக் கவ்விய காசநோய் ஒடுங்கிற்று. இந்நன்மைகளை மறுப்பார் இல்லை. ஆனால் மக்கள் சிற்றூர்களிலிருந்து பெயர்க்கப்பட்டு நகரத்து அடுக்குமாடிகளில் குடியமர்த்தப்பட்டனர். நிலக்கரிச் சுரங்க நகரமான குல்லிசாத் 1972-இல் மூடப்பட்டு, அதன் மக்கள் பல ஊர்களுக்குச் சிதறினர். ஒரே வேலையைச் செய்யினும் டென்மார்க்கில் பிறந்தவருக்கு ஒரு கூலி, கிரீன்லாந்தில் பிறந்தவருக்குக் குறைந்த கூலி என்ற விதி 1964-இல் நடைமுறைக்கு வந்தது. சமவுரிமை வந்து பதினோராம் ஆண்டில் வந்த விதி இது!

இவற்றினும் கொடியது ஒன்று அண்மையில்தான் முழுமையாக வெளிச்சத்துக்கு வந்தது. 1966 முதல் 1970 வரை ஏறத்தாழ 4,500 பெண்களுக்கும் சிறுமியருக்கும் கருத்தடைச் சாதனம் பொருத்தப்பட்டது. அவர்களுள் பலரிடம் ஒப்புதல் கேட்கப்படவில்லை; சிலருக்குத் தமக்கு என்ன செய்யப்பட்டது என்பதே தெரியாது. 2025 செப்டம்பரில் டென்மார்க்குத் தலைமையமைச்சர் நூக் நகருக்கு வந்து அப்பெண்கள் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டார். மனித உயிரின் மாண்பையும் குடும்பத்தின் உரிமையையும் பற்றித் தொடர்ந்து சிந்திக்கும் நம் வாசகர்க்கு, இச்செய்தியின் கனத்தை நாம் விளக்கத் தேவையில்லை. ஒரு மக்கள் எத்தனை பேராக இருக்கவேண்டும் என்பதைக்கூட வேறொருவர் தம் அளவுகோலால் முடிவுசெய்தார் என்பதே இதன் பொருள்.

எங்கே? எதை நோக்கி?

கனவு கலைந்தபோது எழுந்த முதற்குரல் நாவலாக வரவில்லை, பாட்டாக வந்தது. டென்மார்க்கில் பயின்ற கிரீன்லாந்து மாணவர் சிலர் ‘சுமே’ என்னும் இசைக்குழுவை அமைத்தார்கள். சுமே என்றால் ‘எங்கே?’ என்று பொருள். 1973-இல் வந்த அவர்களுடைய முதல் இசைத்தட்டின் பெயர் ‘சுமுத்’, அதாவது ‘எதை நோக்கி?’ மேனாட்டு ராக் இசையின் வடிவில், முதன்முறையாகக் கலாலிசுத் மொழியில் பாடினார்கள். இசைத்தட்டின் உறையில் 19-ஆம் நூற்றாண்டின் மரச்செதுக்குப் படம் ஒன்று இருந்தது: நார்டிக் தலைவனை வீழ்த்திய இனுயிட் வேட்டைக்காரன். அதைச் செதுக்கியவர் காங்கெக் ஊரைச் சார்ந்த ஆரோன். மொராவியச் சபையின் கிறித்தவர். நோய்ப்படுக்கையில் கிடந்தவாறே தம் மக்களின் பழங்கதைகளை ஓவியமாக்கியவர்.

ஸ்டோர்க்கும் லிங்கேயும் ‘நாம் அங்கே சென்று சேர்வோம்’ என்று விடை சொன்னார்கள். இவ்விளைஞர்களோ ‘எங்கே?’ என்று வினவினார்கள். முன்னோர் முற்றுப்புள்ளி இட்ட இடத்தில் வினாக்குறி இட்டதே இவர்களின் இலக்கியத் தொண்டு. அவ்வுறைப் படத்தின் சினம் நமக்கு உவப்பானதன்று. வன்முறையின் நினைவால் ஒரு நாடு நெடுநாள் வாழ இயலாது. ஆயினும் அச்சினத்தின் அடியில் இருந்தது தன்னை மீண்டும் தானே பெயரிட்டு அழைத்துக்கொள்ளும் வேட்கை என்பதைக் காண மறுப்பது திறனாய்வாளனுக்கு அழகன்று.

அதே காலத்தில் அரசியலும் விழித்தது. 1972 வாக்கெடுப்பில் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தை எதிர்த்துக் கிரீன்லாந்து மக்கள் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது பேர் வாக்களித்தனர். ஆயினும் டென்மார்க்கின் பெரும்பான்மை அவர்களையும் இழுத்துச் சென்றது. சமவுரிமை என்பது தன்னுரிமை ஆகாது என்ற பாடம் அன்று கிடைத்தது. 1979 மே முதல் நாளில் உள்நாட்டு ஆட்சி மலர்ந்தது. அதன் முதல் தலைமையமைச்சர் யோனாதான் மொட்ஸ்ஃபெல்ட் ஒரு லூத்தரன் குரு. 1982-இல் மீண்டும் வாக்கெடுத்து, 1985-இல் அச்சமூகத்தை விட்டு அந்நாடு வெளியேறியது. அந்நாள்களில், 1979 முதல் 1984 வரை, ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் கிரீன்லாந்தின் குரலாக இருந்த ஃபின் லிங்கே, கத்தோலிக்கக் குருவாகப் பணியாற்றியவர் என்பது நாம் நினைவில் கொள்ளத்தக்கது. சீல் குட்டிகளுக்காகக் கண்ணீர் வடித்த ஐரோப்பியர், அவ்விலங்கை நம்பி வாழும் வேட்டைக்காரனின் பிள்ளைகளை எண்ணிப் பார்க்கவில்லை என்று அவர் எழுத்தில் எடுத்துரைத்தார். இரக்கமும் பிறருடைய அளவுகோலாக வரும்போது கொடுமையாகிவிடும் என்னும் உண்மையை அவருடைய எழுத்து நமக்கு உணர்த்துகிறது.

2008-இல் நடந்த வாக்கெடுப்பில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் விரிந்த தன்னாட்சியை விரும்பினர். 2009 சூன் 21 முதல் கலாலிசுத் அந்நாட்டின் ஒரே ஆட்சிமொழி. அனைத்துலகச் சட்டத்தின்படி அவர்கள் ஒரு மக்களினம் என்பதும், விரும்பினால் விடுதலை பெறும் உரிமை உடையவர்கள் என்பதும் சட்டத்தில் எழுதப்பட்டன.

வந்து சேர்ந்த 2021

லிங்கே கனவு கண்ட ஆண்டு வந்தபோது நாடு எவ்வாறு இருந்தது? அதற்கு முந்தைய ஆண்டு சூனில் நூக் நகரிலுள்ள எகெடேயின் சிலைமீது செஞ்சாயம் பூசப்பட்டது. சிலையை அகற்றுவதா என்று நகர மக்களிடம் கேட்கப்பட்டது. வாக்களித்தோரில் பெரும்பான்மையினர் அது இருக்கட்டும் என்றனர். 2021 ஏப்ரலில் நடந்த தேர்தலில் யுரேனியம் கலந்த கனிமச் சுரங்கமே தலையாய சிக்கலாக இருந்தது. அதை எதிர்த்த கட்சி வென்றது. ஆண்டின் இறுதிக்குள் யுரேனியச் சுரங்கத்தைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. அரசமைத்த இளந்தலைவரின் குடும்பப் பெயரும் எகெடே! அவ்வாண்டு டிசம்பரில், மறைபணியாளர்கள் ஒதுக்கிய பறையாட்டம் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

லிங்கேயின் கற்பனையில் முன்னேற்றத்தின் அடையாளம் புதிய தொழில்கள். உண்மையான 2021-இலோ, ஒரு தொழிலை வேண்டாம் என்று சொல்லும் உரிமையே அடையாளமாயிற்று. சிலையை உடைக்காமலும், அதன் முன் மண்டியிடாமலும், அதைக் குறித்து வெளிப்படையாக வழக்காடும் மக்களைக் காண்கிறோம். இது கனவை விடச் சிக்கலானது. ஆனால் கனவை விட முதிர்ந்தது.

மலர்ப் பள்ளத்தாக்கு

அதே 2021-இல் நார்டிக் அவையின் இலக்கியப் பரிசு முதன்முறையாகக் கிரீன்லாந்துக்குக் கிடைத்தது. பரிசு பெற்றவர் 1990-இல் பிறந்த நிவியாக் கொர்னேலியுசென். நூல், 2020-இல் வந்த ‘மலர்ப் பள்ளத்தாக்கு’. கலாலிசுத் மொழியில் எழுதி, டேனிய மொழி வடிவத்தையும் அவரே எழுதினார். தன் சொற்களைப் பிறர் கைக்கு விட்டுவிடாத இச்செயலே ஒரு தன்னாட்சி அறிக்கை எனலாம்.

நாவலின் பொருள் தற்கொலை. கிரீன்லாந்தின் தற்கொலை விகிதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று; மாண்டோருள் இளைஞர் மிகுதி. பெயர் சொல்லப்படாத ஓர் இளம்பெண் நூக் நகரிலிருந்து டென்மார்க்குக்குப் படிக்கச் செல்கிறாள். பாவியா ஏங்கிய அதே கல்வி, அதே டேனிய நகரம்! ஆனால் அங்கே அவள் தன்னையே இழந்தவளாகிறாள். கிழக்குக் கரையில் ஓர் இளம் உயிர் மாய்ந்த செய்தி வருகிறது, அங்கே செல்கிறாள். மலையடியில் இடுகாடு, வெண்சிலுவைகள், பனியில் வாடாத நெகிழி மலர்கள். நூலின் தலைப்பே அங்கிருந்துதான் பிறக்கிறது. கதைத்தலைவி நேசிப்பது இன்னொரு பெண்ணை. இது நம் வாசகருள் சிலர்க்குத் தயக்கம் தரலாம். அத்தயக்கத்தின் காரணமாக, அவள் எழுப்பும் ஓலத்துக்குச் செவியடைத்துக்கொள்வது நற்செய்தியின் வழியன்று.

ஆசிரியர் இத்துயரத்துக்குக் காரணம் கூறும் கட்டுரையை எழுதவில்லை. டென்மார்க்கைக் குற்றக்கூண்டில் நிறுத்திவிட்டுத் தம் மக்களை விடுவிக்கவுமில்லை. உதவி கேட்பவரை நாளை வா என்று அனுப்பும் அலுவலகங்கள், வீட்டுக்குள் பேசப்படாத துயரம், ஒவ்வோர் அடக்கத்திற்குப் பின்னும் படியும் மௌனம் ஆகியவற்றை அடுக்கிச் செல்கிறார். இருளின் அடர்த்தி சில இடங்களில் வாசகனை மூச்சுத் திணற வைக்கிறது. பிற்பகுதியில் ஒரு சாளரமேனும் திறந்திருக்கலாம் என்று நாம் கருதுகிறோம். எனினும் இந்நாவலின் மேன்மை ஐயத்துக்கு இடமற்றது. ஸ்டோர்க் தம் மக்களின் குறைகளைச் சொன்னபோது, அவர்கள் டேனியரை எட்டவில்லை என்ற வருத்தத்தோடு சொன்னார். கொர்னேலியுசென் எவரையும் எட்டச் சொல்லவில்லை. ஒரு பிள்ளை உயிரோடிருக்க வேண்டும் என்பதே அவருடைய அளவுகோல். நூறாண்டுப் பயணத்தில் கிரீன்லாந்து இலக்கியம் தனக்கென ஓர் அளவுகோலைக் கண்டடைந்த இடம் இதுவே என்பது நம் முடிவு.

நிறைவாக

2019-இலும் மீண்டும் 2025-இலும் அமெரிக்க அதிபர் டிரம்ப், கிரீன்லாந்தைத் தம் நாட்டுக்கு உரியதாக்கிக்கொள்ள வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசினார். ‘எங்கள் நாடு விற்பனைக்கு அன்று’ என்பதே அம்மக்களின் தலைவர்கள் தந்த மறுமொழி. உலகத் தாள்கள் கனிமங்களையும் கடல்வழிகளையும் படைத்தளங்களையும் கணக்கிட்டன. அக்கணக்குகளில் இடம்பெறாதது அம்மக்களின் மொழி, அம்மொழியில் எழுதப்பட்ட கனவு, அக்கனவுக்குக் கொடுத்த விலை. நிலத்தை அளப்பவர்கள் பலர்; அந்நிலத்து மக்களின் கதையைக் கேட்பவர்கள் சிலர். அச்சிலருள் நாமும் இருத்தல் வேண்டும்.

பெந்தகோஸ்து நாளில் தூய ஆவியார் எல்லாரையும் ஒரே மொழி பேச வைக்கவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் மொழியிலேயே கேட்கச் செய்தார். தூர கிரீன்லாந்தின் கதை இவ்வுண்மையின் இரு பக்கங்களையும் நமக்குக் காட்டுகிறது. ஒரு மக்களுக்கு எழுத்தைக் கொடுத்தபோது மறைபணி அந்த ஆவியாரின் வழியில் நடந்தது. பறையைப் பறித்தபோது வழி தவறியது. கொடுத்த எழுத்தைக் கொண்டே அம்மக்கள் இழந்த பறையையும் பேசினார்கள் என்பதில் ஒரு மீட்பின் சாயல் தெரிகிறது.

நன்மை செய்யப் புறப்படும் எவரும், அது அரசாயினும் திருச்சபையாயினும் பெற்றோராயினும், தம் கையிலுள்ள அளவுகோலை ஒருமுறை உற்று நோக்குவது நன்று. ஸ்டோர்க் கனவு கண்ட 2105 இன்னும் வரவில்லை. அவ்வாண்டைப் பற்றி இன்று எழுத அமரும் கிரீன்லாந்து இளைஞன், தன் மக்கள் யாரைப் போல் ஆவார்கள் என்று எழுத வேண்டியதில்லை. எத்தனை பிள்ளைகள் அவ்வாண்டைக் காண உயிரோடு இருப்பார்கள் என்று எழுதினால் போதும்.